வென்றவனின் குருதி: செங்கிஸ்கானும் மார்த்தாண்ட வர்மாவும்

சிறுவயதில் இரணியல் பக்கத்தில் ஒரு கோயில் கொடைக்கு அப்பாவுடன் சென்றிருந்தேன். நள்ளிரவு தாண்டியிருந்தது. பாதிப்பேர் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்க, வில்லின் மணிகள் மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. பாடப்பட்டது தம்பிமார் கதை. வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் கொல்லப்படும் இடம் வந்தபோது குடக்காரர் கை தாளத்தை இறக்கியது. புலவரின் குரல் உடைந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த வயதான பெண்கள் சேலைத்தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. அவர்களைக் கொன்றவர் மார்த்தாண்ட வர்மா மகாராஜா. எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மாவீரர். இங்கே அவர் பெயர் வரும்போதெல்லாம் கூட்டம் பெருமூச்சு விட்டது. திரும்பி நடக்கும்போது அப்பாவிடம் கேட்டேன். தம்பிமார் ராஜாவின் சொந்தப் பிள்ளைகள் என்றால் அவர்கள்தானே ராஜாவாகியிருக்கவேண்டும்?

"அது மருமக்கவழில்லா மக்களே. ராஜாவுக்க பிள்ளை ராஜா இல்ல. ராஜாவுக்க தங்கச்சி பிள்ளையாக்கும் ராஜா" என்றார் அப்பா.

பலவருடங்களுக்குப் பின் முற்றிலும் வேறொரு வாசிப்பின்போது அந்த பதில் நினைவில் எழுந்தது. 2003-இல் மரபணு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை உலகெங்கும் செய்தியாகியது. பசிபிக் கடற்கரை முதல் காஸ்பியன் கடல் வரையிலான நிலப்பரப்பில் வாழும் ஆண்களில் நூற்றுக்கு எட்டுப்பேர் ஒரே ஆணின் நேர்வழி வாரிசுகள், அவர் பெரும்பாலும் செங்கிஸ்கானாகவோ அவரது நெருங்கிய மூதாதையாகவோ இருக்கவேண்டும் என்றது அது. உலகை வென்றவன் தன் குருதியை உலகில் விட்டுச்சென்றான் என்ற எண்ணம் எவரையும் கிளர்ச்சியடையச் செய்வது. எனக்கோ உடனே எங்களூர் அரசர் நினைவுக்கு வந்தார். தன் குருதிக்கு அரசுரிமையே இல்லாத ஒரு முறைமைக்குள் நின்றுகொண்டு, அந்த முறைமையைக் காக்க மாமனின் மகன்களைக் கொன்று, ஒரு நாட்டை உருவாக்கியவர். வென்றவனிடமிருந்து உண்மையில் எஞ்சுவது எது என்ற கேள்விக்கு இவ்விருவரையும் அருகருகே வைத்தால் ஒரு விடை கிடைக்கும் என்று தோன்றியது.

*

தெமுஜின் 1162 வாக்கில் ஓனான் ஆற்றின் கரையில் பிறந்தார். தந்தை யெசுகெய் ஒரு சிறிய குலத்தலைவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கையில் தாத்தார்கள் உணவில் நஞ்சிட்டு யெசுகெயைக் கொன்றனர். தலைவன் இறந்ததும் குலம் அந்த விதவையையும் குழந்தைகளையும் புல்வெளியில் கைவிட்டுச் சென்றது. கிழங்கும் மீனும் தின்று வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வேட்டைப்பொருளைப் பங்கிடுவதில் எழுந்த பூசலில் தெமுஜின் தன் மாற்றாந்தாய் மகனான பெக்தெரை அம்பெய்து கொன்றார். அப்போது அவர் சிறுவன். குருதியுறவு தனக்குக் காவல் அல்ல என்று அவர் கற்றுக்கொண்டது அந்த வருடங்களில்தான்.

அவர் மனைவி பொர்தேயை மெர்கித் குலத்தவர் தூக்கிச்சென்றனர். மாதங்கள் கழித்துப் படைதிரட்டிச் சென்று மீட்டார். மீண்டு வந்தபின் அவளுக்கு மூத்த மகன் ஜோச்சி பிறந்தான். விருந்தாளி என்று பொருள்படும் பெயர். தெமுஜின் அவனைத் தன் மகனாகவே வளர்த்தார். ஆனால் பலவருடங்களுக்குப் பின் குவாரிசம் மீது படையெடுப்பதற்கு முன் வாரிசு யார் என்ற பேச்சு எழுந்தபோது, இரண்டாவது மகன் ஜகதாய் எல்லோர் முன்னிலையிலும் ஜோச்சியை மெர்கித்களின் வித்து என்று இகழ்ந்தான். மங்கோலியர்களே எழுதிவைத்த 'மங்கோலியரின் ரகசிய வரலாறு' இதை மறைக்காமல் சொல்கிறது. பூசல் தீர மூன்றாவது மகன் ஒகதாய் வாரிசாக்கப்பட்டார்.

1206-இல் எல்லாக் குலங்களும் கூடி அவருக்கு செங்கிஸ்கான் என்று பட்டம் சூட்டின. 1215-இல் இன்றைய பெய்ஜிங் இருக்குமிடத்திலிருந்த ஜோங்து வீழ்ந்தது. 1219 முதல் மத்திய ஆசிய நகரங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. 1221-இல் குவாரிசம் இளவரசர் ஜலாலுதீனைத் துரத்திக்கொண்டு சிந்துநதிக்கரை வரை வந்தார். 1227-இல் ஷி ஷியா நாட்டின் மீதான போரின்போது இறந்தார். அவர் புதைக்கப்பட்ட இடம் எதுவென்று இன்றும் எவருக்கும் தெரியாது.

வெறும் கொலைகாரன் ஒருவனால் இத்தனை பெரிய அரசை அமைக்கமுடியாது. அவர் பழைய குலங்களைக் கலைத்து, பத்து, நூறு, ஆயிரம் என்ற எண்ணிக்கையில் படையாக்கினார். ஒரு போரில் தன்னை நோக்கி அம்பெய்த எதிரி, பிடிபட்டபின் ஆம் நானே எய்தேன் என்று ஒப்புக்கொண்டபோது அவனைத் தளபதியாக்கி, அம்பு என்று பொருள்படும்படி ஜெபெ எனப் பெயரிட்டார். பிறப்பைவிட விசுவாசத்தை நம்பியவர்.

*

இனி அந்த மரபணு ஆய்வு. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது, ஏறத்தாழ மாறாமல். எப்போதாவது சிறு பிழைகள் நேரும். அப்பிழைகளை ஒப்பிட்டு, இரு ஆண்களின் பொதுவான தந்தைவழி மூதாதை எத்தனை காலம் முன்பு வாழ்ந்தார் என்று கணக்கிடலாம். 2003 ஆய்வில் 16 மக்கள்குழுக்களில் ஒரே ஒய் வகை மிக அடர்த்தியாகக் காணப்பட்டது. அதன் தொடக்கம் ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன், மங்கோலியாவில் என்று கணித்தார்கள். உலக ஆண்களில் இருநூறில் ஒருவர், அதாவது ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சம் பேர். மங்கோலியப் பேரரசின் எல்லைக்கு வெளியே இதைக் கொண்டிருந்த ஒரே குழு பாகிஸ்தானின் ஹசாராக்கள். செங்கிஸ்கானின் வழிவந்தோர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மரபு அவர்களிடம் உண்டு.

இது ஊகம்தான். செங்கிஸ்கானின் எலும்பு எவரிடமும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. 2018-இல் வெளிவந்த விரிவான ஆய்வு ஒன்று அந்த ஒய் வகை அவருக்கு வெகுகாலம் முந்தையது, மங்கோலியப் பொதுமக்களிடையே பரவியிருந்த ஒன்று என்றது. அப்படியென்றால் அது பேரரசரின் முத்திரையல்ல, அவருடன் குதிரையேறிச் சென்ற பெயரற்ற படைவீரர்களின் தடம்.

இன்னொன்றும் உண்டு. ஒருவருக்குத் தாய்தந்தை இருவர், பாட்டன்பாட்டியர் நால்வர். இப்படி முப்பது தலைமுறை பின்னால் சென்றால் முன்னோர்களுக்கான இடங்கள் 107 கோடி. அன்று உலகில் அத்தனை மனிதர்களே இல்லை. ஒருவரே பல இடங்களில் மீண்டும் மீண்டும் வருகிறார் என்று பொருள். ஒய் குரோமோசோம் என்பது அந்த 107 கோடியில் ஒரே ஒரு இழை. மற்ற இழைகளையெல்லாம் மறந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வம்சம் என்று அழைப்பது உடற்கூறின் விதியல்ல, ஒரு சமூகத்தின் வழக்கம்.

அந்த வழக்கத்தின் அடியில் ஒரு பதற்றம் இருக்கிறது. தந்தை யார் என்பதற்கு உடல் சாட்சி சொல்வதில்லை. உலகையே வென்ற மனிதரின் முதல் மகனைப் பற்றியே அந்த ஐயம் எழுந்தது. ஜோச்சியின் வழியினரே பின்னர் ரஷ்யப் புல்வெளிகளை இருநூறு வருடங்களுக்கு மேல் ஆண்டார்கள். அவர்கள் செங்கிஸ்கானின் குருதியா மெர்கித்தின் குருதியா என்பதை இன்றும் எந்த ஆய்வகமும் சொல்லிவிடமுடியாது. ஆனால் அவர்கள் செங்கிஸ்கானின் வம்சம் என்பதில் அவர்களை வணங்கிய எவருக்கும் ஐயமிருக்கவில்லை. அவர் அவனை மகன் என்று சொன்னார், அது போதுமானதாக இருந்தது.

*

மங்கோலியப் புல்வெளிக்கும் குமரிமுனைக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தொடர்பு இருந்தது. செங்கிஸ்கானின் பேரன் குப்ளாய் கான் கொல்லத்துக்குத் தூதர்களை அனுப்பினார். 1281-இல் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன்கோயில் ஒன்றை எழுப்பினர். கானின் உடல்நலத்துக்காக இறைவடிவை நிறுவிய செய்தி அங்கே தமிழ்க் கல்வெட்டாகக் கிடைத்துள்ளது. குப்ளாயின் அவையிலிருந்து கடல்வழியாகத் திரும்பிய மார்க்கோ போலோ தன் நூலில் கொல்லத்தையும் குமரியையும் விவரிக்கிறார். அவர் கண்ட கொல்லம் வேணாட்டு அரசர்களுடையது. அந்த வேணாட்டைத்தான் நானூற்றைம்பது வருடங்கள் கழித்து மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் என்னும் பெருநாடாக விரித்தார்.

வேணாட்டு அரசகுலத்தில் உரிமை தாய்வழியே சென்றது. அரசனுக்குப்பின் அவன் தம்பி, அதன்பின் சகோதரியின் மகன். அரசனின் மனைவி அரசியல்ல, அவளுக்கு அம்மச்சி என்று பெயர். மகன் தம்பி, மகள் தங்கச்சி. அவர்களுக்கு மதிப்பும் சொத்தும் உண்டு, அரியணை இல்லை. தாய்வழியில் பெண்குழந்தை இல்லாமல்போனால் வடக்கே கோலத்துநாட்டிலிருந்து இளவரசிகளைத் தத்தெடுப்பார்கள். 1706-இல் பிறந்த மார்த்தாண்ட வர்மாவே அப்படித் தத்தெடுக்கப்பட்டு வந்த ஒரு ராணியின் மகன். தந்தை கிளிமானூர் கோயில்தம்புரான்.

அவர் பிறந்தபோது வேணாடு ஒரு நாடாகவே இல்லை. எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் பிற மாடம்பிகளும் ஆளுக்கொரு பகுதியை வைத்திருந்தனர். பத்மநாபசுவாமி கோயிலின் சொத்துக்கள் எட்டரை யோகத்தின் கையில். நாஞ்சில்நாட்டின் நெல்வயல்களுக்காக மதுரை நாயக்கர் படைகள் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வந்துபோய்க்கொண்டிருந்தன. இளவரசரைக் கொல்லப் பலமுறை முயன்றனர். நெய்யாற்றின்கரையில் பலாமரப் பொந்துக்குள் ஒளிந்து உயிர்தப்பினார் என்று சொல்லப்படும் அம்மச்சிப்பிலாவின் அடிமரத்தை இன்றும் காட்டுகிறார்கள். கைவிடப்பட்டுக் காட்டில் அலைந்த தெமுஜினின் இளமை நினைவுக்கு வராமலிருக்காது.

1729-இல் ராமவர்மா மறைந்து மார்த்தாண்ட வர்மா பட்டமேறினார். மறைந்த அரசரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உரிமை கோரினர். பிள்ளைமார் அவர்களை ஆதரித்தனர். மதுரைத் தளபதி அழகப்ப முதலியாரின் உதவியை நாடினர், அவரோ விசாரித்தபின் மார்த்தாண்ட வர்மாவின் பக்கம் நின்றார். பின்பு நாகர்கோவில் அரண்மனையில் வைத்து தம்பியர் இருவரும் கொல்லப்பட்டனர். திருவிதாங்கூர் வரலாற்றை 1878-இல் எழுதிய சங்குண்ணி மேனோன் அதை அரசரைக் கொல்லவந்தவர்களின் முடிவாகச் சொல்கிறார். சி.வி. ராமன்பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவலிலும் (1891) அரசரே நாயகன். ஆனால் தெற்கே, தமிழ் வில்லுப்பாட்டில், அது நம்பிவந்த பிள்ளைகளின் படுகொலை. தம்பிமாரின் தங்கையை மார்த்தாண்ட வர்மா மணம்கேட்டார், அவர்கள் மறுத்ததே பகைக்குக் காரணம் என்பது பாட்டு தரும் விளக்கம். அரசியல் வரலாறு காணும் வாரிசுப்போரை நாட்டார் மரபு ஒரு வீட்டுச் சண்டையாகக் காண்கிறது. இரண்டிலும் உண்மை உண்டென்றே எண்ணுகிறேன். ஏனென்றால் அன்று நாஞ்சில்நாட்டில் மகனுக்கும் மருமகனுக்கும் இடையே அந்தப் போர் நடக்காத வீடே குறைவு.

*

1202-இல் தாத்தார்களை வென்ற தெமுஜின், வண்டிச்சக்கரத்தின் கடையாணிக்கு மேல் உயரமான ஆண்கள் அனைவரையும் கொல்ல ஆணையிட்டார் என்கிறது ரகசிய வரலாறு. பெண்களும் சிறுகுழந்தைகளும் வென்றவர்களிடையே பகிர்ந்தளிக்கப்பட்டனர். அதற்குப்பின் தாத்தார் என ஒரு குலம் அங்கே தனித்து எழவில்லை.

எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் சதி வெளிப்பட்டபோது மார்த்தாண்ட வர்மா குடும்பத் தலைவர்களைத் தூக்கிலேற்றினார். வீடுகள் இடிக்கப்பட்டு அந்த இடங்களில் குளம் தோண்டப்பட்டது என்பது வாய்மொழி. ஆனால் அதோடு நிற்கவில்லை. அவ்வீடுகளின் பெண்களும் குழந்தைகளும் கடற்துறைகளில் மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். இதை நெடுநாள் அரசரின் கோபத்தின் அளவாகவே புரிந்துகொண்டிருந்தேன். கடையாணிக் கதையைப் படித்தபின்னர்தான் அதிலுள்ள கணக்கு தெரிந்தது. தந்தைவழிச் சமூகத்தில் ஒரு குலத்தை அழிக்க ஆண்களைக் கொன்றால் போதும். மருமக்கள்வழியில் அது போதாது. தறவாடு என்பது பெண்களின் வழியே வளர்வது. ஆண்கள் அனைவரும் செத்தாலும் ஒரு பெண் எஞ்சினால் வீடு மீண்டும் முளைத்துவிடும். பெண்களை அவர்களின் சாதியிலிருந்தே அகற்றினால்தான் பிள்ளைமார் வீடுகள் முடியும். செங்கிஸ்கானும் மார்த்தாண்ட வர்மாவும் எதிரெதிரான உறவுமுறைகளிலிருந்து வந்தவர்கள். இருவரும் தங்கள் எதிரியின் வம்சம் எதில் இருக்கிறது என்று சரியாகவே கண்டுகொண்டு அதை வெட்டினார்கள்.

கடற்துறைக்கு அனுப்புவது இழிவு என்று எண்ணியது அக்காலத்தின் சாதிக்கண். அதே கடற்கரை மக்கள்தான் குளச்சல் போரில் அரசரின் பக்கம் நின்றனர். பிள்ளைமார் வீட்டுப் பெண்கள் அங்கே பெற்ற பிள்ளைகள் உண்டு, அவர்களின் பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள், எந்த நினைவும் இல்லாமல். மரபணு எச்சம் என்று பேசுவதாக இருந்தால் அதைத்தான் முதலில் பேசவேண்டும். வம்சம் அழிந்தது, குருதி அழியவில்லை.

*

மார்த்தாண்ட வர்மா செங்கிஸ்கானைப்போலவே பிறப்பைவிடத் திறனை நம்பினார். மாடம்பிகளின் நாயர்ப்படைகளைச் சார்ந்திராமல் தெற்கிலிருந்து மறவர்களைக் கூலிப்படையாகச் சேர்த்தார். அவரது தளவாய் ராமய்யன் தமிழ் பிராமணர். பள்ளியாடி மல்லன் சங்கரன் நிலங்களை அளந்து வரிவகுத்தார். மிளகு வணிகம் அரசின் ஏகபோகமாகியது. அந்தப் பணம் படையாகியது.

மிளகே டச்சுக்காரர்களைக் கொண்டுவந்தது. 1739-இல் இலங்கை ஆளுநர் வான் இம்ஹாஃப் நேரில்வந்து மிரட்டியபோது, எங்கள் மீனவர்களையும் வள்ளங்களையும் கொண்டு ஐரோப்பா மேல் படையெடுப்பேன் என்று மார்த்தாண்ட வர்மா பதில் சொன்னதாகக் கதை உண்டு. 1741-இல் டச்சுப்படை குளச்சலில் இறங்கியது. ஆகஸ்டில் சரணடைந்தது. பிடிபட்டவர்களில் யூஸ்டாச்சியஸ் டி லனாய் என்ற கேப்டனும் ஒருவர். அவரைக் கொல்லாமல், விற்காமல், தன் படைக்குப் பயிற்சியளிக்கும்படி கேட்டார் அரசர். ஜெபெக்கு நிகழ்ந்தது டி லனாய்க்கும் நிகழ்ந்தது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக்கோட்டை மீண்டும் கட்டப்பட்டு அங்கே பீரங்கிகள் வார்க்கப்பட்டன. அந்தப் படையுடன் வடக்கே சென்று காயங்குளம், அம்பலப்புழை, தெக்கங்கூர், வடக்கங்கூர் என ஒவ்வொன்றாக வென்றார். மக்கள் டி லனாயை வலிய கப்பித்தான் என்றழைத்தனர். 1777-இல் இறந்த அவர் அந்தக் கோட்டைக்குள்ளேயே புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆனால் ஓரிடத்தில் மார்த்தாண்ட வர்மா செங்கிஸ்கானிடமிருந்து முற்றிலும் விலகிச்செல்கிறார். செங்கிஸ்கான் வென்ற நிலத்தைத் தன் மகன்களுக்குப் பங்கிட்டார். இரு தலைமுறைக்குள் அப்பங்குகள் ஒன்றோடொன்று போரிட்டன. மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில், தன் வெற்றிகளின் உச்சத்தில், உடைவாளைப் பத்மநாபசுவாமியின் முன் வைத்து நாடு முழுவதையும் தெய்வத்துக்கு எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம் என்பார்கள். அதன்பின் அரசர்கள் பத்மநாபதாசர்கள், அடிமையாக நின்று ஆள்பவர்கள். இது பக்தி என்பவர்கள் உண்டு, இனி அரசை எதிர்ப்பவன் தெய்வத்தை எதிர்ப்பவனாவான் என்ற தந்திரம் என்பவர்களும் உண்டு. கொன்ற கைகளின் பயம் என்றும் சொல்லலாம். எதுவானாலும் விளைவு ஒன்றே. நாட்டின் உரிமையாளருக்கு இனிமேல் மகனும் இல்லை, மருமகனும் இல்லை. தம்பிமார் எழுப்பிய கேள்வியே இல்லாமலாகியது. 1758-இல் அவர் மறைந்தபோது மருமகன் முறையினரான கார்த்திகைத் திருநாள் ராமவர்மா எந்தப் பூசலும் இன்றி அரியணை ஏறி நாற்பது வருடங்கள் ஆண்டார்.

*

சரி, மார்த்தாண்ட வர்மாவின் குருதி எங்கே? அவருடைய ஒய் குரோமோசோமைத் தேடிச்சென்றால் அரசகுலத்தில் அது இருக்காது. தந்தையிடமிருந்து வந்தது, தந்தைக்கு வேறொரு வீட்டிலிருந்து வந்திருக்கும். மருமக்கள்வழியில் ஆண்வழிக் குருதி எந்த வீட்டிலும் தங்குவதில்லை, தலைமுறைக்கொரு படி இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அன்னையிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைத் தேடலாம். ஆனால் ஓர் ஆணிடம் அது அவனோடு முடிந்துவிடுவது. அரசகுலத்துக்குள்ளும் அந்த இழை தொடரவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், 1857-இலும், 1900-இலும் மீண்டும் மீண்டும் தத்தெடுத்தார்கள். பிற்கால அரசர்கள் சட்டப்படி அவரது வழியினர், உடற்கூறின்படி எந்த அளவுக்கு என்று சொல்லமுடியாது. ஆனாலும் பத்மநாபசுவாமி கோயிலை நிர்வகிக்கும் உரிமை அக்குடும்பத்துக்கு உண்டு என்று 2020 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1750-இல் வைக்கப்பட்ட வாளின் எதிரொலி 270 வருடங்கள் கழித்தும் கேட்கிறது. மரபணு வழியாக அல்ல, ஒரு சடங்கின் வழியாக, ஓர் ஆவணத்தின் வழியாக.

தம்பிமாரின் கேள்விக்கும் ஒருவழியில் பதில் கிடைத்தது. நாஞ்சில்நாட்டு வேளாளர்களும் அரசகுலத்தைப்போலவே மருமக்கள்வழியைக் கைக்கொண்டிருந்தனர். தந்தை சொத்தில் மகனுக்குக் கிடைத்தது உகந்துடைமை என்ற சிறுபங்கு மட்டுமே. கணவன் இறந்த மறுநாளே மனைவியும் பிள்ளைகளும் வீதிக்கு வருவதும், மாமன் மீது மருமகன் வழக்குப்போட்டு இருவரும் அழிவதும் அன்றாடக் காட்சிகள். என் பாட்டி வீட்டுப் பத்தாயத்துக்குள் நெல்லுக்குப் பதில் வழக்குக்கட்டுகள் இருந்தன. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது அந்தக் கண்ணீரைச் சிரிப்பாக்கித்தான். அதைச் சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. 1926-இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்களுக்கு உரிமை கிடைத்தது. எந்த முறைமைக்காகத் தம்பிமார் கொல்லப்பட்டார்களோ அது இருநூறு வருடங்களுக்குள் ஒரு சட்டத்தால் கலைக்கப்பட்டது. அவர்கள் கொஞ்சம் பிந்திப் பிறந்திருக்கலாம்.

செங்கிஸ்கானின் வாரிசு நான் என்று தெரிந்துகொள்ள இன்று எச்சிலைக் குப்பியிலிட்டு அனுப்புகிறார்கள். இங்கும் சாதிச்சங்க மலர்களில் அரசகுருதி பேசப்படுகிறது. எங்களுடைய நரம்பில் ஓடுவது இன்ன மன்னரின் ரத்தம் என்று மேடையில் முழங்குபவர்களைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை, சற்று அச்சம்தான் வருகிறது. பத்துத் தலைமுறை என்றாலே 1024 முன்னோர் இடங்கள். அதில் ஒன்றில் மன்னர் இருந்தால் மற்றவற்றில் அவரால் தூக்கிலேற்றப்பட்டவர்களும் துறைக்கு அனுப்பப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே உடலில் சேர்ந்தே வாழ்கிறார்கள். வென்றவனை மட்டும் தேர்ந்தெடுத்து அவனை என் முன்னோன் என்பதற்கு மரபணுவில் எந்த நியாயமும் இல்லை. அது நாம் எடுக்கும் முடிவு. ஆகவே அதற்கு நாம்தான் பொறுப்பு.

பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிக்கை மாளிகைக்குச் செல்பவர்கள் அறுபத்துநான்கு மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்லப்படும் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அங்கிருந்து கிழக்கே ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை இருக்கிறது. அந்த அரண்மனையில் பணியாற்றி, டி லனாயின் வழியாகக் கிறித்தவரான நீலகண்ட பிள்ளை என்ற தேவசகாயம், 1752 ஜனவரி 14 அன்று அங்குதான் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். தம்பிமார் வில்லுப்பாட்டில் இருக்கிறார்கள். தேவசகாயம் பீடத்தில் இருக்கிறார். அவர்களுக்காகப் பாடுபவர்களுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களுக்கும் அவர்களோடு எந்த ரத்த உறவும் இருக்கவேண்டியதில்லை.

அன்று கொடைவிழாவில் கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த முதிய பெண்கள் எவரும் தம்பிமாரின் வம்சம் அல்ல. தங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்காக அழுவதைப்போல அழுதார்கள். அந்த இரவில் அவர்கள்தான் தம்பிமாரின் வாரிசுகள்.